அயர்லாந்துச் சிற்றூர் நாவல்கள்: ஏன் இந்த இதம், எதில் தொடங்கலாம்?

செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த ஆறு மாதமும் அயர்லாந்துச் சிற்றூர்க் கதைகள்தான் என்று முடிவாகியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கிளினிக் தாதியர், செம்பனை ஆலைக் கிராணி என்று ஆட்கள். ஆங்கிலம் எல்லாருக்கும் வாசிக்க வரும், ஆனால் 600 பக்கம் என்றால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

இரண்டு கேள்வி. மழை, வறுமை, பாதிரியாரின் அதட்டல், குடிகாரக் கணவன் என்று போகும் கதைகள் எப்படி மனசுக்கு இதமாக இருக்கின்றன? அடுத்தது, எந்த வரிசையில் வாசிப்பது? இந்த வகைக்குப் பேர்போன அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்ச்சி என்று நம்பி ஒருவர் வாங்கிவந்த 'டாரா ரோடு' டப்ளின் நகரத்துக் கதையாகப் போய்விட்டது.

மேட்டு லயம்

முடிவு நல்லபடியாக அமைவதால் வரும் இதம் இல்லை அது. பின்ச்சியின் 'சர்க்கிள் ஆஃப் ஃபிரெண்ட்ஸ்' (1990) நாவலில் நாயகி பென்னி ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிடுவதில்லை. 1995இல் வந்த படம் முடிவை மாற்றி இனிப்பாக்கிவிட்டது. படம் பார்த்தவர் கூட்டத்தில் இருந்தால் முதல் நாளே வாயை அடைத்துவையுங்கள்.

இந்த வகை நாவலில் கதவுகள் குறைவு. துணிக்கடை, மருந்துக்கடை, மதுக்கடை, கன்னியர் மடம், டாக்டர் வீடு, பேருந்து நிற்கும் இடம், அவ்வளவுதான். முதல் 100 பக்கத்துக்குள் யார் யாருக்குக் கடன், யார் யாரோடு பேசுவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தையும்விட நமக்குத்தான் அதிகம் தெரியும். பாவம் சேராமல் ஊர்வம்பு பேசும் சுகம் அது.

பதற்றமும் அந்தச் சின்னச் சின்னக் கதவுகளுக்குள்ளேதான் பிறக்கிறது. பென்னியின் அப்பா துணிக்கடையில் கல்லாக் கணக்கு இடிக்கிறது. கடையாள் ஷான் வால்ஷ் மேல் சந்தேகம். கொலைக் கதைக்குச் சமமான பரபரப்பை ஒரு கணக்குப் புத்தகம் தருகிறது. ஒட்டுக்கடையில் கடன் எழுதும் 555 நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய 'தி கிளாஸ் லேக்'கில் (1994) பிரிக்காமலேயே எரிக்கப்படும் ஒரு கடிதம், பல வருடம் கதையை இழுத்துச் செல்கிறது.

இன்னொன்று, தவறு செய்தவளும் தவறுக்கு ஆளானவளும் மறுநாள் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும். ஓடி ஒளிய இடமில்லை, ஆனால் கைவிடப்படுவதும் அரிது. பின்ச்சியிடம் அந்த மன்னிக்கும் பார்வை உண்டு. அது இல்லாத எழுத்தாளர் கையில் இதே சிற்றூர் மூச்சுமுட்டும். ஊர் சின்னது என்பதாலேயே இதம் வந்துவிடாது.

கிராணிவீட்டு மாடி

வரிசைக்கு வருகிறேன். பின்ச்சியில் சிற்றூர் வேண்டுமென்றால் 'லைட் எ பென்னி கேண்டில்' (1982), 'எக்கோஸ்' (1985), 'ஃபயர்ஃப்ளை சம்மர்' (1987), மேலே சொன்ன இரண்டு. 'டாரா ரோடு', 'ஈவினிங் கிளாஸ்' இரண்டும் டப்ளின்.

உங்கள் வட்டத்துக்கு 'எக்கோஸ்'தான் முதல் புத்தகம். கோடைக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் கடற்கரை ஊர், கடைக்காரர் மகள், அவளை உபகாரச் சம்பளத் தேர்வுக்குத் தயார்செய்யும் ஆசிரியை. ஆசிரியர்கள் கீழே வைக்கமாட்டார்கள். பெரிய புத்தகம்தான், இரண்டு மாதம் கொடுங்கள். வாரத்துக்கு 70, 80 பக்கம் போதும்.

ஆட்கள் விட்டுப்போவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான், அதுவும் பெயர்க் குழப்பத்தால். மேரி, ஷான், பேடி என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரு ஏ4 தாளில் தெருவை வரைந்து, ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் குடும்பப் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆள் பெயரை எழுதினால் தாள் நிரம்பிக் குழப்பம் கூடும். யார் கடை, யார் கூலி என்பதைப் பக்கத்தில் குறித்தால் போதும்.

சில விவரம் தெரியாவிட்டால் கதையின் கனம் பிடிபடாது. அயர்லாந்தில் இடைநிலைக் கல்வி இலவசமானது 1967இல்தான். 1950களில் நடக்கும் 'எக்கோஸ்' கதையில் உபகாரச் சம்பளம் போனால் படிப்பே போச்சு. அரசுப் பணியில் இருந்த பெண் திருமணமானதும் வேலையை விடவேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. மணவிலக்குக்கு வழிவிட்ட வாக்கெடுப்பு 1995இல். "ஏன் அவள் அவனை விட்டுப் போகவில்லை?" என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், பதிலைக் கையில் வைத்திருங்கள். காசு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 1971 வரை.

அடுத்து நியல் வில்லியம்ஸ், 'திஸ் இஸ் ஹாப்பினஸ்' (2019). கிளேர் மாவட்டத்தில் ஃபாஹா என்ற கற்பனை ஊர், 1958, மின்கம்பம் நடுகிறார்கள். சம்பவம் என்று பார்த்தால் அவ்வளவுதான். வாக்கியங்கள் நீளம். வேகமாகப் புரட்டினால் ஒன்றும் ஒட்டாது. நாளுக்கு 20 பக்கம் போதும், சில பகுதிகளைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள். நகைச்சுவை அப்போதுதான் காதில் விழும்.

செம்பனை நிழல்

நன்றி. தெருப்படம் நல்ல யோசனை. சின்னதாக ஒன்று வேண்டுமென்று கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' சொன்னார்கள். சேர்க்கலாமா?

பழைய புத்தகக்காரர்

சேருங்கள், ஆனால் இதம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். 1985 கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்ற நிஜ ஊர், நிலக்கரி வியாபாரி ஒருவர். மடத்தின் சலவைக்கூடத்தில் அடைபட்ட பெண்களைப் பற்றி ஊரே தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறது. பின்ச்சியில் அணைத்துக்கொள்ளும் அதே ஊர்க்கண் இங்கே வாய்மூடி நிற்கிறது. ஒரே உட்காரலில் முடியும் அளவுதான், அதனால் நான்காவது மாதம் வையுங்கள். பின்ச்சி வாசித்த கையோடு வந்தால் பேச்சு சூடுபிடிக்கும்.

டோனல் ரயனின் 'தி ஸ்பின்னிங் ஹார்ட்' (2012) கடைசிக்குத் தள்ளுங்கள். 21 பேர் ஆளுக்கு ஒரு முறை பேசுகிறார்கள். வீடு கட்டும் முதலாளி ஆட்கள் பேரில் கட்டவேண்டிய காப்புத்தொகையைக் கட்டாமல் கம்பி நீட்டிவிடுகிறான். சொக்சோ, இபிஎஃப் என்று நம் ஊர்த் தொழிலாளர் காப்புநிதிகள் தெரிந்த கிராணிக்கு அது உடனே உறைக்கும். எந்தக் குரல் யாருடையது என்று தலைப்பிலேயே பெயர் இருக்கும். அதைத் தாண்டிப் போனால் தொலைந்தோம்.

ஜான் மெக்கஹெர்னின் 'தட் தே மே ஃபேஸ் தி ரைசிங் சன்' (2002) என் தேர்வு. ஏரிக்கரையில் சில வீடுகள், பருவங்கள் மாறுகின்றன, அண்டை வீட்டார் வந்து போகிறார்கள். அத்தியாயப் பிரிவே கிடையாது, ஆகவே "இந்த வாரம் மூன்றாம் அத்தியாயம்" என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே பதிப்பு வாங்கிப் பக்க எண் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பின் பெயர் 'பை தி லேக்'. வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டுக்கும் வெள்ளி செலவழிக்காதீர்கள்.

பெயர் உச்சரிப்பு ஒரு தொல்லை. பார்த்த எழுத்தை நம்பாதீர்கள். ஈஃபா, நீவ், ஷிவான் என்று வரும் பெண்பெயர்களுக்கு எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். ஒலிப்புத்தகத்தில் முதல் பத்து நிமிடம் கேட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேட்டு லயம்

மெக்கஹெர்னை ஐந்தாம் மாதமே வைத்துவிடுங்கள். ரயனுக்கு முன்னால் வந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசமுடியும். பசியாறும் நேரத்தில் கூட்டம் வைத்தால் மெக்கஹெர்னுக்கு அரை மணி அதிகம் ஒதுக்குங்கள். கதையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்தான் கடைசிவரை பேசிக்கொண்டிருப்பார்.