புதுப்பிப்பு: மண்டபம் வீட்டு ஆர்க்கிட் பிழைத்துக்கொண்டது

என் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டின் இலை நுனி கருகி, வேர் அழுகுகிறது என்று கோடையில் எழுதியிருந்தேன். வெயிலைத்தான் சந்தேகித்தேன். உண்மையில், எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர்தான் வேரைத் தின்றிருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நாவில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

உப்பைப் பிடித்துவைத்திருந்த தேங்காய் மட்டைத் துண்டுகளை எறிந்துவிட்டு, நம் ஊர்ச் சீமைக்கருவேலங்கரியும் ஓட்டுச்சில்லும் நிரப்பினேன். ஐப்பசியில் பிடித்துவைத்த மழைநீரை மட்டும் ஊற்றுகிறேன். வேர் வெள்ளி நிறத்தில் இருந்தால் தண்ணீர். பச்சையாக இருந்தால் தொடுவதே இல்லை.

நேற்றுக் காலை பழைய தண்டின் அடியில் நெல்மணி அளவில் ஒரு குருத்து, நுனி மட்டும் செம்பச்சை! பூக்க இன்னும் பல மாதங்கள் ஆகும், காத்திருப்பேன். தண்ணீரை மாற்றிப் பார்க்கச் சொன்ன தொண்டி அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.