'ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும்' என்றவர்

புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். புற்றுநோய் என்று வந்த பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் இருந்த தன் பெயரையும் வயதையும் தானே சத்தமாகப் படித்துவிட்டு, "பேரு என்னோடதுதான், சாம்பிள் வேற யாரோடதோ" என்றார். குரலில் தடுமாற்றமே இல்லை.

அவர் நடிக்கவில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை தெரிந்திருக்கும். இவருக்கோ அந்தச் செய்தி உள்ளேயே போகவில்லை. இதைத்தான் 'மறுப்பு' என்கிறோம். தாங்க முடியாததை மனம் இப்படித் தடுப்பதைப் பற்றி உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் பிராய்ட் 1894இலேயே எழுதினார். இந்தத் தற்காப்பு முறைகளை வகைப்படுத்தி 1936இல் புத்தகமாக்கியது அவர் மகள் அன்னா பிராய்ட். ஒரே குடும்பத்தில் பல வகைகளைப் பார்க்க முடிகிறது. இந்த ஆசிரியரின் மகன், அப்பாவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தையெல்லாம் நர்ஸ்கள் மேல் கோபமாகக் கொட்டினார். மருமகள் கட்டியின் அளவு, நிலை, மருந்துகளின் பெயர் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். மாமனாரைப் பற்றிக் கேட்டால் மட்டும் மறுபடி மருந்துக்கே போய்விடுவார்.

வெளியிலிருந்து பார்த்தால் மறுப்பு போலவே தெரியும் இன்னொன்றும் உண்டு. பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன ஓர் அம்மாவிடம் கையைத் தூக்கச் சொன்னால், "தூக்கிட்டேனே" என்பார். இது மூளையின் வலது பக்கம் பாதிக்கப்படுவதால் வருவது. பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1914இல் இதற்கு 'அனோசோக்னோசியா' என்று பெயரே வைத்தார். பிடிவாதம் என்று நினைத்து வீட்டார் அந்த அம்மாவைத் திட்டியதைக் கேட்டு மனசு பதறிவிட்டது.

சரி, ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். மகன் ஸ்கேன் படத்தை முகத்துக்கு நேரே நீட்டி வாதாட, அவர் இன்னும் இறுகிப்போனார். நான் அறிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒருவேளை அது சரியா இருந்தா, உங்களுக்கு முதல்ல எதை நெனச்சுக் கவலை வரும் சார்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "என் வீட்டுக்காரிக்கு பேங்க் பக்கம் போயே பழக்கமில்ல" என்றார். அப்புறம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

பயாப்சியில் எடுத்த திசு இருந்த அதே ஸ்லைடை வேறொரு நோயியல் நிபுணரிடம் காட்ட ஏற்பாடு செய்தோம். முடிவு மாறவில்லை. இந்த முறை சிகிச்சை எப்போது தொடங்கும் என்று அவரே டாக்டரிடம் கேட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொன்னால், இரண்டாவது கருத்துக்குத் தடை சொல்லாதீர்கள். ஆனால் அதற்கு ஒரு தேதியை அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது.