தண்டையார்பேட்டைக் குடும்பம்: கயிற்றில் நெய்தவர்

அத்தை: காலையில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன் கண்ணு. கூரையிலிருந்து சிவப்பாகத் தொங்குகிறதே, என்ன அது?

நான்: நெசவு அத்தை! போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச் 1969-ல் நெய்தது. சுமார் நான்கு மீட்டர் அகலம். இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

காசிமேடு சித்தப்பா: நூல் மாதிரித் தெரியவில்லையே, கயிறு மாதிரி இருக்கிறது.

நான்: கயிறேதான் சித்தப்பா. துறைமுகத்தில் கழித்துப் போட்ட பழைய கயிறுகளை எடுத்து வந்து, முறுக்கைப் பிரித்து, சாயம் தோய்த்து நெய்வார்.

காசிமேடு சித்தப்பா: உப்பேறின கயிற்றைப் பிரிப்பது லேசு இல்லை. நார் விறைத்து நகக்கண்ணில் ஏறும். அந்த அம்மா கை என்ன பாடு பட்டதோ!

அத்தை: கயிற்றையா வாங்கி வைக்கிறார்கள்?

நான்: ஆமாம் அத்தை. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ஓவியர் வரைந்து கொடுப்பார், நெசவாளர் அப்படியே நெய்வார். இவர் தானே யோசித்து, தானே தறியில் உட்கார்ந்தார். 1962-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த நெசவுக் கண்காட்சிக்குப் போனது துணி காயப்போட்ட கொடிக்கயிற்றில் நெய்தது! அப்புறம் நெசவைச் சுவரிலிருந்தே இறக்கிவிட்டார், சுற்றி வந்து பார்க்கலாம். போலந்தில் வூச் நகர நெசவு அருங்காட்சியகத்திலும் அவருடையது இருக்கிறது. அந்தக் கட்டடமே பழைய பருத்தி ஆலை.

பெரியப்பா: ஆலையையே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்களா! நம் பின்னி மில் 1996-ல் மூடியதோடு சரி. அப்பா அத்தனை வருடம் நெய்தார், ஒரு முழம் துணிகூட நம்மிடம் இல்லை.

நான்: அதனால்தான் பெரியப்பா இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. துணியைப் பூச்சி அரிக்கும், வெளிச்சத்தில் சாயம் போகும். அருங்காட்சியகத்துக்குப் போனால் பாலிதீனில் சுற்றி உறைகுளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வார்கள். யார் நெய்தது, என்ன நூல் என்று பதிவேட்டில் ஏறும். தாத்தா பெயர் எந்தத் துணியிலும் இல்லையே.

அத்தை: இரு இரு. என் பீரோவில் அப்பாவின் காக்கிச் சட்டை இருக்கிறது. மில் துணிதான். காலர் மட்டும் நைந்துவிட்டது.

நான்: அத்தை!!! துவைக்காதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெரியப்பா, தாத்தா எந்தப் பிரிவு, எந்த வருடம் சேர்ந்தார்?

பெரியப்பா: நெசவுப் பிரிவு, இரண்டாம் ஷிப்ட். வருடம் அவருடைய பி.எஃப். காகிதத்தில் இருக்கும். பரணில் தேடிப் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.