ஹைப்ரிடா, ப்ளக்-இன்னா, முழு மின்சாரமா? மேடவாக்கம் அடுக்ககத்தில் இருக்கும் எனக்கு எது சரிவரும்?

மேடவாக்கத்தான் (கேள்வி):
வணக்கம். பழைய பெட்ரோல் காரை மாற்றியாக வேண்டும். நகருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. பட்ஜெட் 20 லட்சம் வரை. அலுவலகம் சிறுசேரி சிப்காட்டில். போக வர 40 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பாதித் தூரம் நெரிசலில் ஊர்ந்துதான் போக வேண்டும். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பொங்கல், தீபாவளி, கோயில் கொடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு காரில்தான் போவோம்.

ஒரு ஷோரூமில் ஹைப்ரிட்தான் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ளது) என்கிறார்கள், இன்னொன்றில் மின்சாரக் கார்தான் என்கிறார்கள். நண்பர் ஒருவர், ப்ளக்-இன் ஹைப்ரிட் (பிளக்கில் போட்டும் சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட்) வரும், அதுவரை பொறு என்கிறார். தரைத்தளத்தில் எனக்கென்று பார்க்கிங் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. சங்கத்தில் கேட்டால், தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்கிறார் செயலாளர். கோடையில் வீட்டு மின்பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொடுகிறது. என்ன செய்யலாம்?

நாவலூர் அண்ணாச்சி:
தம்பி, எந்தக் கார் என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் பார்க்கிங்குக்கு உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கரண்ட் வருமா, வராதா? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெக்ஸான், வின்ட்சர் மாதிரி மின்சாரக் கார்கள் ஏசியோடு யூனிட்டுக்கு 7 கி.மீ. கொடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 320 யூனிட் பக்கம் வரும். இங்கே ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்கெனவே 500 யூனிட் ஓடும் வீட்டில் காரின் யூனிட் முழுக்க மின்கட்டணத்தின் மேல் அடுக்கில்தான் விழும், அதாவது 8 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குச் சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். அப்படியும் 3,200 ரூபாயைச் சுற்றித்தான் வரும். ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டார் தனியாகவும் வண்டியை இழுக்கும் வகை) நகருக்குள் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால், 100 ரூபாய் பெட்ரோலுக்கு அதே தூரம் 10,000 ரூபாய். உங்கள் பழைய காரில் 16,000-க்கு மேல்.

ஆனால் வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல், வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட்டுக்கு 20 ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். மிச்சம் பாதியாகக் குறைந்துவிடும், காத்திருப்பு வேறு. அந்த நிலைமையில் கண்ணை மூடிக்கொண்டு ஹைப்ரிட் எடுங்கள்.

ஹைப்ரிட் ஓட்டுநர், தாம்பரம்:
நான் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். இதன் பேட்டரியில் ஒரு யூனிட் கரண்ட்கூடக் கொள்ளாது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தானே ஏறிக்கொள்ளும், பிளக்கே கிடையாது. மேடவாக்கம் கூட்டு ரோடு மாதிரி இடத்தில் முன் வண்டி நகர்ந்தால் மோட்டாரில் சத்தமில்லாமல் நகரும், நின்றால் இன்ஜினும் நிற்கும். உங்கள் தினசரிப் பாதைக்கு இது அருமையாகப் பொருந்தும். நெடுஞ்சாலையில் 100-ல் போனால் அந்த லாபம் குறைந்துவிடும். கம்பெனி அட்டையில் லிட்டருக்கு 27.97 என்று போட்டிருப்பதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு விஷயம். பின்னால் “ஸ்மார்ட் ஹைப்ரிட்” என்று எழுதியிருப்பதெல்லாம் மைல்ட் ஹைப்ரிட். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை இழுக்காது. விற்பனையாளரிடம் தெளிவாகக் கேளுங்கள். இன்னொன்று, பேட்டரி டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சோடு ஷோரூமுக்கே போய் வைத்துப் பாருங்கள், தப்பில்லை.

விலையில் வரியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிடுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பெட்ரோலை மிச்சப்படுத்தும் வண்டிக்கு இவ்வளவு வரி ஏன்?

ஸ்காபரோவிலிருந்து:
நான் கனடாவில் ப்ளக்-இன் ஹைபிரிட் ஓடுறன். ராவ்4 பிரைம், 18 யூனிட் பற்றரி, கரண்டில் மட்டும் 68 கி.மீ. ஓடும் என்று கணக்கு. கோடையில் வேலைக்குப் போய் வர பெற்றோலே தேவைப்படாது. குளிரில் அந்தத் தூரம் நல்லாக் குறையும். ஆனால் ஒவ்வொரு இரவும் பிளக்கில் கொழுவ வேணும். கொழுவாட்டி, பாரமான பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு பெற்றோலில் ஓடுற கார்தான். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையிலும் அதுதான்: ப்ளக்-இன் கார்கள் சாலையில் விடுற கார்பன் பரிசோதனைக் கணக்கைவிட மூன்றரை மடங்கு. அண்ணா, உங்களுக்குப் பிளக் கிடைச்சால் முழு மின்சாரமே எடுக்கலாம். கிடைக்காட்டி இதாலும் பிரயோசனமில்லை.

நாவலூர் அண்ணாச்சி:
சரியாகச் சொன்னீர்கள். இங்கே ப்ளக்-இன் என்றால் இப்போதைக்கு பிஎம்டபிள்யூ மாதிரி சொகுசுக் கார் விலைதான். 20 லட்சத்தில் வரும் என்று காத்திருந்து பழைய காருக்குப் பெட்ரோல் ஊற்றுவது நஷ்டம்.

வேளச்சேரி எலக்ட்ரீஷியன்:
சார், செயலாளர் பயப்படுவது நியாயம்தான், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவசரத்துக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் சூடேறி உருகும். முறையாகப் போட்ட தனி லைன் அப்படி ஆகாது. மீட்டர் அறையில் உங்கள் மீட்டரிலிருந்து தனியாக எடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். தூரம் குறைவென்றால் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போதும், மீட்டர் அறை தள்ளி இருந்தால் 10 போடுங்கள். 40 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் ட்ரிப் ஆகும்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும்), நல்ல எர்த் குழி. இதில் எதையும் விட்டுவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால் மின்வாரியத்தில் கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பியுங்கள்.

தினம் 40 கி.மீ.க்கு 7.2 கூடத் தேவையில்லை. 3.3 கிலோவாட்டில் இரவில் இரண்டு மணி நேரம் போட்டாலே அன்றைய ஓட்டத்துக்கு ஏறிவிடும். வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். சார்ஜர் பெட்டியை உயரமாகப் பொருத்தச் சொல்லுங்கள். 2023 மிக்ஜாம் புயல் தண்ணீர் எதுவரை வந்தது என்று உங்கள் பார்க்கிங் தூணிலேயே கறை இருக்கும், அதற்கும் மேலே.

மேடவாக்கத்தான்:
எல்லோருக்கும் நன்றி. தனி மீட்டர் லைன், பாதுகாப்பு எல்லாம் எழுதிக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்று செயலாளர் இறங்கி வந்திருக்கிறார். லைன் கிடைத்தால் 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான், கிடைக்காவிட்டால் ஹைப்ரிட் என்று முடிவெடுத்துவிட்டேன். ஒரே கவலை திருநெல்வேலிப் பயணம். 600 கி.மீ.க்கு மேல் ஆகிறதே?

நாவலூர் அண்ணாச்சி:
90, 95-ல் ஓட்டினால் முழுச் சார்ஜில் 280 கி.மீ. பக்கம் கிடைக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டி பெரம்பலூருக்குள் ஒரு முறை, மதுரைக்கு முன்னால் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், கிளம்பிவிடுங்கள். அம்மாவுக்கும் காலை நீட்டி உட்கார நேரம் கிடைக்கும். பொங்கலுக்கு முதல் நாள் மாலை மட்டும் வேண்டாம், சார்ஜரில் வரிசை நிற்கும். விடியற்காலையில் கிளம்புங்கள்.

வேளச்சேரி எலக்ட்ரீஷியன்:
இன்னொன்று சார். ஊர் வீட்டில் 15 ஆம்பியர் சாக்கெட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவருக்குள்ளேயே விட்டுப்போயிருக்கும். காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், ஒரு யூனிட் ஏறாது. அங்கே உள்ள எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் ஒரே நாளில் எர்த் போட்டுவிடுவார்.