எப்போதும் எரிந்து விழுபவரிடம் பரிவோடு நடந்துகொள்வது எப்படி?

இளவேனில்:
எதைச் செய்தாலும் குறை சொல்கிற, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற ஒருவரோடு தினமும் பழகியாக வேண்டும். விலகிப் போக வழியில்லை. "அவர் இடத்தில் இருந்து பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் "இவர் குணமே இதுதான்" என்றுதான் மனம் முடிவு கட்டுகிறது. இல்லையென்றால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு உள்ளுக்குள் வேக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?

கல்தூண்:
"குணமே இதுதான்" என்ற அந்த முடிவிலிருந்து தொடங்குவோம். அடுத்தவர் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைக் காரணமாக்குவது எல்லோருக்கும் உள்ள சாய்வு. 1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடப்பார். நேரம் இருக்கிறது என்று நம்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது அவசரம்தான்.

ஆகவே இரண்டு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். ஒரு கேமராவில் பதிவாகக் கூடியதை மட்டும் எழுத வேண்டும். "அவமானப்படுத்தினார்" என்பது தீர்ப்பு. "நான் பேசி முடிக்கும் முன் இரண்டு முறை குறுக்கிட்டார்" என்பது நடந்தது. கூடவே மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். பணப் பேச்சு, தூக்கமில்லாத இரவு, நாள்பட்ட வலி என்று ஏதோ ஒன்றைச் சுற்றிக் கோபம் திரள்வது பல நேரம் தெரிய வரும். காது சரியாகக் கேட்காதவர்கள் வெடுக்கென்று பேசுவதாகத் தோன்றுவதும் உண்டு. அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

ஆற்றுப்படுகை:
"அவர் இடத்தில் இருந்து பார்" என்ற அறிவுரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2018இல் எயால், ஸ்டெஃபல், எப்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 25 சோதனைகளை வெளியிட்டார்கள். அடுத்தவர் பார்வையைக் கற்பனை செய்து பார்த்ததால் கணிப்பு துல்லியமாகவில்லை. அவரிடமே கேட்டபோதுதான் துல்லியம் கூடியது. கற்பனையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நம்மையேதான்.

அதனால் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். ஒரே வாக்கியம் போதும்: "வேலை தள்ளிப்போனது உங்களுக்குக் கவலையா இருக்கு போல, சரியா?" சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனம் சங்கடமாக இருந்தாலும் நிரப்பாதீர்கள். ஊகம் தப்பானாலும் நட்டமில்லை. "கவலையெல்லாம் இல்ல, என்கிட்ட யாருமே ஒரு வார்த்தை சொல்லல" என்று அவர் திருத்துவார். உங்களுக்கு வேண்டிய தகவலே அதுதான்.

கெடுப்பவை சில உண்டு. "ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்றால் விசாரணையாகக் கேட்கும், "எது ரொம்ப உறுத்துது?" என்று கேளுங்கள். "எனக்குப் புரியுது" என்று மட்டும் சொன்னால் பேச்சை மூடுவது போலாகும். என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். மோசமானது, பரிவாகப் பேசிவிட்டு "ஆனா" போடுவது. அந்த ஒரு சொல் முன்னால் சொன்ன எல்லாவற்றையும் அழித்துவிடும். உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் அடுத்த பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்:
கத்திக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்லலாமா?

மௌனராகம்:
கூடாது. கோபத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்பது உளவியலாளர் ஜான் காட்மன் கணவன்-மனைவி ஜோடிகளை ஆராய்ந்து சொன்னது. அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால் புறக்கணிப்பாகத் தெரியும், அதனால் திரும்பி வரும் நேரத்தையும் சொல்லுங்கள்: "இதைப் பேசணும்னு எனக்கும் இருக்கு. குரல் உயர்ந்தா என்னால கேட்க முடியல. அரை மணி நேரத்துல வரேன்." சொன்னபடி வந்தாக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் பதிலடியை ஒத்திகை பார்த்தால் உங்கள் துடிப்பும் இறங்காது.

கவனியுங்கள், "கத்தாதீங்க" என்பது அவருக்கு இடும் கட்டளை. மேலே உள்ளது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது. எல்லை என்றால் அதுதான். அது உங்கள் கையில் இருக்கிறது.

உள்ளுக்குள் வேகிறது என்றீர்களே, பரிவு அதுவல்ல. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகிய ஆய்வாளர்களின் ஆய்வுகளில், பிறர் வலியை அப்படியே உணரப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. அவர் நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பழகியபோது வேதனை தணிந்தது. அவர் சுமையைப் பார்த்தால் போதும், தூக்க வேண்டாம். அடி, மிரட்டல் என்று போனால் இந்தப் பேச்சு முறைகள் எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பான இடம், நம்பகமான ஒருவரிடம் தகவல். காரணம் புரிந்தாலும் சகித்துக்கொண்டு அங்கே இருக்க வேண்டியதில்லை.

கல்தூண்:
ஒன்று விட்டுப்போனது. அந்தக் குறிப்பை அவரிடம் காட்டாதீர்கள். காட்டினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இரண்டு வாரம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.