சுவரைத் தொடாமல் இரண்டாம் கட்டுக்கு இன்னொரு போன்

வளவுவீடு:
கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீடு. லேண்ட்லைன் முகப்பில் இருக்கிறது. அப்பத்தா இருப்பதெல்லாம் இரண்டாம் கட்டில், அடுப்படிப் பக்கம். பினாங்கிலிருந்து சித்தப்பா கூப்பிட்டால், முட்டிவலியோடு நடுமுற்றத்து வளவைச் சுற்றி வந்து எடுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. அப்புறம் அன்றைக்கெல்லாம் அப்பத்தா முகம் வாடியே இருக்கும். செல்போன் விரலுக்குப் பிடிபடவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு போன் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒயர் இழுக்க மனசு வரவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்கும். ஆணி அடித்துப் பெயர்ந்துவிட்டால் அதே மாதிரி பூசுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வேறு வழி உண்டா?

தேவகோட்டை ஒயர்மேன்:
சுவரில் கை வைக்கவே வேண்டாம் அண்ணே. டெக்ட் வகை கார்ட்லெஸ் போன், இரண்டு ஹேண்ட்செட் சேர்ந்து வருவதாக வாங்குங்கள். பேஸ் என்கிற அடிப்பெட்டி மட்டும்தான் லைனில் மாட்டும். இரண்டாவது ஹேண்ட்செட்டின் சார்ஜருக்கு ஒரு கரண்ட் பிளக் இருந்தால் போதும். நம்பர் ஒன்றுதான், இரண்டிலும் மணி அடிக்கும். முகப்பில் யாராவது எடுத்தாலும் அப்படியே உள்ளே மாற்றிக் கொடுக்கலாம்.

திறந்த வெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நம் ஊர்ச் சுவர் கனத்துக்கு அந்த 50 வராது. ஆனால் நம் வீடுகளில்தான் தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியுமே! பேஸை அந்த நேருக்கு, உள்வாசல் நிலைக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். சிக்னல் வாசல் வழியாகவே உள்ளே போய்விடும். சாத்தியிருந்தாலும் தேக்குக் கதவு சுவர் அளவுக்குத் தடுக்காது. இரும்புப் பெட்டி, பீரோ பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

வளவுவீடு:
நல்லது. கரண்ட் போனால்?

பள்ளத்தூர் ஆச்சி:
பேஸுக்குக் கரண்ட் இல்லையென்றால் இரண்டு ஹேண்ட்செட்டும் பேசாது தம்பி. செம்புக் கம்பி லைனாக இருந்தால் பழைய ஒயர் போனையும், லைனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனிலேயே வரும். ஃபைபர் என்றால் அது உதவாது, மோடத்துக்கே கரண்ட் வேண்டும். மோடம், பேஸ் இரண்டையும் இன்வர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்பத்தா பேசிக்கொண்டிருக்கும்போது முகப்பிலிருந்து வேறு யாரையும் கூப்பிட முடியாது. தனி நம்பர் வேண்டுமென்றால் மோடத்தில் இரண்டாவது போன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் இருக்கும்.

வளவுவீடு:
ஃபைபர்தான் ஆச்சி. ஒரு நம்பரே போதும், மணி காதில் விழுந்து எடுத்தால் சரி. பெரிய பட்டன் உள்ளதாகப் பார்க்கிறேன்.

தேவகோட்டை ஒயர்மேன்:
மணிச் சத்தத்தை ஒவ்வொரு ஹேண்ட்செட்டிலும் தனித்தனியாகக் கூட்டலாம், அடுப்படியில் முழுசாக வையுங்கள். பேட்டரி போய்விட்டால் ரீசார்ஜ் பேட்டரியே வாங்கிப் போடுங்கள். சாதாரண பேட்டரியைப் போட்டு சார்ஜரில் வைத்தால் கசிந்து செட்டே கெட்டுவிடும்.