வளையத்தின் கடைசித் துண்டைச் செருகியதும் கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு: என்ன காரணம்?

தருமபுரி அப்பா:
வணக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் நானும் மாடியறையில் ஒரு சிறிய மாதிரி ரயில் பாதை அமைத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தடிக்கு இரண்டரையடி பிளைவுட் பலகை, 9 மி.மீ. அகலத் தண்டவாளம், ஒரு டீசல் என்ஜின், நான்கு பெட்டிகள், 12 வோல்ட் கண்ட்ரோலர். டிஜிட்டல் முறை எதுவும் இல்லை. திருகினால் ஓடும், நெம்புகோலைத் தள்ளினால் பின்னால் போகும், அவ்வளவுதான்.

முதலில் வட்டமாகப் போட்டோம், நன்றாகவே ஓடியது. மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "இது எந்த ஊருக்குமே போகவில்லையே, அப்பா" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. எனவே பலகையின் ஒரு முனையில் தருமபுரி நிலையம், அங்கிருந்து ஒற்றைப் பாதை, மறுமுனையில் ஒரு பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு), அதன் இரு கிளைகளையும் சேர்த்து ஒரு வளையம் என்று மாற்றினோம். ரயில் வளையத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பாதையிலேயே திரும்ப வேண்டும்.

வளையத்தின் கடைசித் துண்டைச் செருகிய உடனே கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது, என்ஜின் அசைவதில்லை. துண்டை எடுத்துவிட்டால் பழையபடி ஓடுகிறது. விற்றவரோ கண்ட்ரோலர் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

இன்னும் இரண்டு சிறு கேள்விகள். நிலையத்திலிருந்து தள்ளிப்போகப் போக ரயிலின் வேகம் குறைகிறது, ஏன்? தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிபோல் கொட்ட, வீடு கட்டும் இடத்திலிருந்து கிரஷர் தூள் எடுத்துக்கொள்ளலாமா?

காவேரிப்பட்டணம் மின்பணியாளர்:
கண்ட்ரோலர் வாங்காதீர்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது, அதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. என்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிட்டு, வெறும் பாதையில் கடைசித் துண்டைச் செருகிப் பாருங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் கோளாறு பாதையில்தான்.

வேகம் குறைவதற்குக் காரணம் தண்டவாள இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் மின்னழுத்தம் விழும். ஒரே இடத்தில் மட்டும் கம்பி கொடுத்திருப்பீர்கள். பலகைக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கம்பியை இழுத்துக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேருங்கள், சரியாகிவிடும்.

தருமபுரி அப்பா:
என்ஜின் இல்லாமலும் எரிகிறது, அண்ணா. துண்டைத் திருப்பிச் செருகியும் பார்த்தாயிற்று.

ஓசூர் ஒன்பது மி.மீ.:
உங்கள் பொருள்களில் ஒன்றுமே பழுதில்லை. அந்த வளையத்தின் வடிவமே ஷார்ட். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுங்கள். நிலையத்தில் தொடங்கி இடப்பக்கத் தண்டவாளத்தின் மேலேயே நூலைப் படிய வைத்துக்கொண்டு போங்கள். பாயிண்ட் வரும். அதன் இடது ஓரத் தண்டவாளம் எங்கும் அறுபடாமல் வளையத்தின் வெளிப்பக்கத் தண்டவாளமாக நீள்கிறது. நூலும் அதனுடன் சுற்றி வரட்டும். மீண்டும் பாயிண்டுக்கு வந்து சேரும்போது நூல் எதில் முடிகிறது? வலது ஓரத் தண்டவாளத்தில். கண்ட்ரோலரின் ஒரு முனை இடது தண்டவாளத்தில், மறுமுனை வலது தண்டவாளத்தில். இரண்டையும் ஒரே தண்டவாளம் தொட்டுக்கொண்டிருக்கிறது. கடைசித் துண்டு அந்தச் சுற்றை மூடுகிறது, அவ்வளவுதான்.

தீர்வு இது. பாயிண்டைத் தாண்டியதும் இரு கிளைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலும், ஆக நான்கு இடங்களில், உலோக இணைப்பைக் கழற்றிவிட்டு மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் இணைப்பைப் போடுங்கள். வளையம் இப்போது தனித்தீவு. அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் வெளிவிடும் சிறு பாகம்) வாங்குங்கள். 1 ஆம்பியர் போதும், ரேடியோ பழுதுபார்க்கும் கடையில்கூடக் கிடைக்கும், விலை சொற்பம். நான்கு கால்கள் இருக்கும். அலைக்குறி போட்ட இரண்டும் கண்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் கம்பிகளுக்கு. கூட்டல், கழித்தல் குறியுள்ள இரண்டும் வளையத்துக்கு.

நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ளினாலும் வளையத்துக்குள் மின்சாரம் ஒரே திசையில்தான் பாயும். எனவே ரயிலும் அங்கே எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். ரயில் முழுவதும் வளையத்துக்குள் வந்ததும் நெம்புகோலை மாற்ற வேண்டும், பாயிண்டை மாற்ற வேண்டும். இரண்டே வேலை. வளையத்துக்குள் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், ரெக்டிஃபையர் சுமார் 1.4 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால். வளைவில் மெதுவாகப் போவது நல்லதும்கூட.

முதல் ஓட்டத்தில் ரயில் வளையத்துக்குள் நுழையும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், கூட்டல் கழித்தல் கம்பிகளை இடம் மாற்றுங்கள். பிள்ளை பாயிண்டைத் தவறாக வைத்து எதிர்க்கிளையில் ரயிலை விட்டாலும் விளக்கு எரிந்து ரயில் நிற்கும், வேறொன்றும் ஆகாது.

கிரஷர் தூள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் காகிதத்தில் பரப்பி, காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றி அதன் மேல் இழுங்கள். நம் பக்கத்துக் கல்லிலும் மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் உண்டு. மோட்டாரில் காந்தம் இருக்கிறது. அந்தத் துகள் உள்ளே போனால் என்ஜினை இழந்துவிடுவீர்கள். ஒட்டுவது நின்ற பிறகும் சலித்து, கழுவி, காயவைத்துத்தான் கொட்ட வேண்டும்.

மொரப்பூர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்:
ரெக்டிஃபையரெல்லாம் எதற்குத் தம்பி? வளையத்தை எடுத்துவிடுங்கள். முனையத்தில் பக்கத்துப் பாதை ஒன்று, இரண்டு பாயிண்ட். ரயில் வந்து நிற்கும், என்ஜினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். நிஜ ரயிலில் நாங்கள் செய்த வேலை அதுதான். வளையத்தில் பிள்ளை வேடிக்கை பார்ப்பாள், இதில் வேலை செய்வாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906 முதல் 1941 வரை குறுகிய ரயில் பாதை இருந்தது. இரண்டரையடி அகலம், அதாவது 762 மி.மீ. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே அகலத்தில் ஒன்று ஓடியது. இன்று கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை என்பது தனி வருத்தம்.

ஓசூர் ஒன்பது மி.மீ.:
மாதிரி ரயிலில் 87இல் ஒரு பங்கு என்றோர் அளவும் உண்டு. ஐயா சொன்ன அந்த 762ஐ 87ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.76 வருகிறது. உங்கள் பாதை 9 மி.மீ. உங்கள் பெட்டிகள் 160இல் ஒரு பங்கு அளவு. நிலையத்தையும் மனிதர்களையும் 87இல் ஒரு பங்காகச் செய்தால், அதே தண்டவாளம் பழைய மொரப்பூர்ப் பாதையாகிவிடும்! ஐரோப்பாவில் இப்படி அமைப்பவர்கள் நிறையப் பேர்.

பிள்ளையின் கைக்கும் இதுதான் தோது. ஐந்தேகால் அடி ஆள் 160இல் 10 மி.மீ. உயரம், 87இல் 18 மி.மீ. ஏழடிக் கதவு கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் வரும், கத்தரிக்கோலால் வெட்டலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட நல்ல அட்டை கிடைக்காது. ஒரு பெட்டியின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் அட்டையில் குட்டையான பெட்டி கட்டிப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் யோசனை நல்லதுதான், ஐயா. ஆனால் இந்த அளவில் கொக்கிகள் அரிசி மணியைவிடச் சிறியவை. ஏழு வயதில் பொறுமை போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து அதைச் செய்யட்டும்.

தருமபுரி அப்பா:
மூவருக்கும் நன்றி. நூல் வலது பக்கம் வந்து நின்றதும் மகள் நம்பவில்லை, அவளே இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். ரெக்டிஃபையர் போட்டாயிற்று, ரயில் போய்த் திரும்புகிறது. அடியில் இரண்டாவது ஜோடிக் கம்பியும் இழுத்தேன், வேகம் சீராக இருக்கிறது. தூளில் காந்தத்தை இழுத்தபோது மீசைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பாதைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், ஐயா.

புதிய தொல்லை ஒன்று. பிளாஸ்டிக் இணைப்புப் போட்ட ஓரிடத்தில் கடைசிப் பெட்டி மட்டும் தடம் புரள்கிறது.

ஓசூர் ஒன்பது மி.மீ.:
அந்த இடத்தில் தண்டவாளத்தின் உட்பக்க விளிம்பில் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். தட்டினால் ஒரு தண்டவாளம் மற்றதைவிட நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கொஞ்சம் தடிமன், இரு முனைகளும் நேராக உட்காராது. முதலில் துண்டுகளைக் கழற்றி, இணைப்பின் பிசிறை பிளேடால் சீவிவிட்டு மீண்டும் செருகுங்கள். அதன் பிறகும் நகம் தட்டினால் சிறிய அரத்தால் உட்பக்க மூலையை மட்டும் இரண்டு இழுப்பு இழுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பில் அரமோ உப்புத்தாளோ படக்கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு அதில்தான் போய்ச் சேரும். மேற்பரப்பைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணி போதும். அந்த வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

கடைசிப் பெட்டி எடை குறைவாகவும் இருக்கலாம். உள்ளே தரையோடு ஒட்டி ஒரு சின்ன இரும்பு நட்டை வைத்துப் பாருங்கள்.